தோடா ஆகே!

அறுநூறாரை உங்களுக்குத் தெரியும். வீட்டில் வைத்த பெயர் வேறு. தோளில் தொங்கும் 600 எம்எம் லென்ஸை முன்னிட்டு சஃபாரி முகாமில் நாங்கள் வைத்த பெயர் இது. மூன்று கிலோ எடை, பத்து லட்சத்துக்கு மேல் விலை. பச்சையும் பழுப்புமாக இலை இலையாக அச்சடித்த சட்டை, அதே துணியில் பேன்ட், அதே துணியில் தொப்பி, லென்ஸுக்கும் அதே துணியில் ஓர் உறை. விலங்குகளின் கண்ணில் படாமல் மறைந்திருக்கத்தான் இந்த வேடம். குஜராத்தின் சின்ன ரண் என்கிற உப்புச் சமவெளியிலோ கண்ணுக்கெட்டிய வரை இலை என்று ஒன்று கிடையாது. வெளுத்து வெடித்துக் கிடக்கிற அந்தக் களிமண் தரையில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிகிற ஒரே பச்சை அவர்தான்.

அவரிடம் சின்னச் சின்னப் பழக்கங்கள் பல உண்டு. ராத்திரி சாப்பாட்டில், நாம் கம்பு ரோட்லாவைப் பிட்டு வாயில் வைக்கிற நேரம் பார்த்து, கேமராவின் முதுகை மூக்குக்கு முன் நீட்டி, “கண்ணுல லைட் விழுந்திருக்கு பாருங்க” என்பார். பக்கத்தில் இருப்பவரின் கேமராவைப் பார்த்து, “பரவால்ல, ஆரம்பத்துக்கு இது போதும்” என்று ஆறுதல் சொல்வார். இதெல்லாம் மன்னித்துவிடக் கூடியவை. மன்னிக்க முடியாதது ஜீப்பை நகர்த்தும் பழக்கம்.

புலிக்காடுகளில் இந்த நோய் அடங்கிக் கிடக்கும். அங்கே பாதையை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் வனத்துறை ஓட்டுநரைப் பிடித்துக்கொள்ளும். அறுநூறாரால் முன்னால், பின்னால் என்று இரண்டே திசைகளில்தான் ஆட்டி வைக்க முடியும். சின்ன ரண் அப்படியல்ல. இங்குள்ள காட்டுக்கழுதைச் சரணாலயம் ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி, உருட்டுக்கட்டையால் தேய்த்துவிட்டாற்போன்ற சமதரை. ரோடு கிடையாது, வேலி கிடையாது, பள்ளம் மேடு கிடையாது. ஒரு ஜீப் எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தத் திசைக்கும் போகலாம். அகமதாபாத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் தசாடா, ஜைனாபாத் பக்கம் வந்து இறங்கி, இந்தத் தரையை முதன்முதலாகப் பார்க்கிற அறுநூறாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை நாள் இரண்டு திசைகளோடு காலம் தள்ளியவருக்கு முந்நூற்றறுபது டிகிரியும் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்!

டிசம்பர் காலை. கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்பியிருந்தோம். ஜீப்பில் அறுநூறார், திருச்சியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், அவருடைய பேரன், நான். மழைக்காலத்தில் பனாஸும் ரூபேனும் கொண்டுவருகிற வெள்ளமும், கட்ச் வளைகுடாவிலிருந்து ஏறி வருகிற கடல்நீரும் சேர்ந்து ரண்ணை ஓர் ஏரியாக்கிவிடும். அப்போது தண்ணீருக்கு மேல் தலைதூக்கி நிற்கிற மேடுகளை அங்கே ‘பேட்’ என்கிறார்கள். ஏரி வற்றிய பிறகும் புல்லும் புதரும் இருப்பது அந்த மேடுகளில்தான். ஆகவே விலங்குகளும் அங்கேதான். அப்படி ஒரு பேட்டின் சரிவில், வளைவாசலில், நரி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வால்நுனி வெள்ளை. சாதாரண இந்திய நரிக்கு அது கறுப்பாக இருக்கும்; இது பாலைவன நரி. முன்கால்களைச் சேர்த்து வைத்து, கண்ணைப் பாதி மூடி, வருகிற வெயிலை எல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்டிருந்தது. இடது காதோரத்தில் சின்னதாக ஒரு கிழிசல். எங்களை ஒரு தடவை பார்த்தது. சரி, நீங்களும் இருந்துவிட்டுப் போங்கள் என்கிற மாதிரி மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

“பையா, தோடா ஆகே.”

நரியின் முகத்துக்கு நேராக ஒரு புல் குறுக்கே நிற்கிறதாம். ஓட்டுநர் இரண்டடி முன்னால் விட்டார். நரி கண்ணைத் திறந்தது.

“தோடா பீச்சே.”

சூரியன் முதுகுக்குப் பின்னால் வரவில்லையாம்.

“அபி லெஃப்ட். தோடா லெஃப்ட். பஸ், பஸ், பஸ்... தோடா அவுர்.”

நரிக்குப் பின்னால், அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கிற இன்னொரு ஜீப்பின் வெள்ளை பானெட் தெரிகிறதாம். அதை நரியின் உடம்புக்குப் பின்னால் ஒளித்துவைக்க வேண்டும். ஒளித்தாயிற்று. “இன்ஜின் பந்த் கரோ, வைப்ரேஷன்!” இன்ஜினை அணைத்தாயிற்று. பீன் பேக்கைக் கம்பியின் மேல் போட்டு, லென்ஸை அதன்மேல் கிடத்தி, ஒற்றைக் கண்ணை மூடினார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஐந்து விநாடி. “ம்ஹூம். தொடுவானம் கழுத்தை வெட்டுது. பையா, ஸ்டார்ட் கரோ.”

ஒவ்வொரு தடவை சாவி திருகும்போதும் நரியின் காது ஒரு தடவை திரும்பியது. மூன்றாவது திருகலில் எழுந்து நின்றது. முன்னங்காலை நீட்டி முதுகை வளைத்தது. வாயைத் திறந்து நாக்கு முழுக்கத் தெரிய ஒரு கொட்டாவி விட்டது. அவசரமே இல்லாமல் வளைக்குள் இறங்கிப் போய்விட்டது. நொடிக்கு இருபது படம் எடுக்கக்கூடிய அந்தக் கேமரா அந்தக் கொட்டாவியின்போது ஒரு படம்கூட எடுக்கவில்லை. அறுநூறார் ஏதோ ஒரு சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

“ச்சே!” என்றார். “இந்த நரிக்கு பிஹேவியரே சரியில்ல.”

டீச்சர் மடியில் இருந்த சின்ன பைனாகுலரை உறைக்குள் வைத்தார். “நரியைத் தவிர மத்த எல்லாத் திசையையும் நல்லாப் பார்த்தேன் சார்” என்றார். அது அறுநூறாரின் காதில் விழவில்லை. அடுத்த வளை எங்கே என்று ஓட்டுநரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

காட்டுக்கழுதைகள் நரி மாதிரி வளைக்குள் இறங்கிப் போக முடியாது என்பதால், அறுநூறாருக்கு அவற்றின்மேல் ஒரு நம்பிக்கை. குட்கர் என்று உள்ளூரில் சொல்கிற இந்தக் கழுதைக்கு இந்தியாவில் மிஞ்சிய வீடு இந்த ரண்ணும் சுற்றுப்புறமும்தான். 1960களில் நோய் வந்து சில நூறாகத் தேய்ந்துபோனவை, 2024 கணக்கெடுப்பில் 7,672. அந்த 7,672-இல் ஒன்றுகூட அவர் கேட்ட கோணத்தில் நின்றதில்லை. சந்தன நிற முதுகு, வெள்ளை வயிறு, பிடரியிலிருந்து வால்வரை நடுமுதுகில் ஓடும் கருங்கோடு என்று அத்தனை லட்சணத்தோடு கூட்டமாக நின்று, காதை நிமிர்த்தி நம்மையே பார்க்கும். பார்க்கத்தான் வந்தோம், பார்த்துக்கொண்டிருக்கலாம். “தோடா ஆகே.” நாலடி தள்ளி நின்று பார்க்கும். “தோடா அவுர் ஆகே.” அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் பின்பக்கத்தைக் காட்டிவிடும். மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ஜந்து. ஓடுகிறபோதும் நேராக விலகிப் போகாமல், ஜீப்பின் மூக்குக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபக்கம் போகும் குறும்பு வேறு. அறுநூறாரின் ஹார்ட் டிஸ்கில் காட்டுக்கழுதையின் பின்புறத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டிய அத்தனை ஆதாரங்களும் இருக்கின்றன.

அபூர்வமாக ஒரு கழுதை அசையாமல் நின்று கொடுத்தாலும், சுற்றி நிற்கிற செடி சரியாக இருக்காது. ரண்ணின் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம் பரவிக் கிடக்கிறது. கழுதைகளே அதன் காயைத் தின்று, விதையைப் போகிற இடமெல்லாம் போட்டு, பரப்பியும் விடுகின்றன. “இது ஃபிரேம்ல வந்தா பார்க்கிறவன் ராமநாதபுரம்னு நினைப்பான் சார்” என்று ஜீப்பை நகர்த்தச் சொல்வார். ராமநாதபுரத்தில் காட்டுக்கழுதை ஏது என்று பேரன் கேட்டான். குழந்தைகளின் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லும் வழக்கமில்லை.

பத்து மணிக்கு மேல் கானல் கிளம்பிவிடும். தூரத்தில் நிற்கிற கழுதைகளின் கால்கள் கரைந்து, உடம்பு மட்டும் இல்லாத தண்ணீரில் மிதக்கும். வெறும் கண்ணுக்கு அது பேரழகு. 600 எம்எம் லென்ஸுக்கு அது நாசம். லென்ஸ் எத்தனை லட்சமாக இருந்தால் என்ன, நடுவில் இருக்கிற காற்று ஓசிக் காற்றுதானே. சூடேறி நெளிகிற அந்தக் காற்றைக் குறைக்க ஒரே வழி கிட்டே போவதுதான். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் ‘தோடா ஆகே’ என்பது அறிவியல்பூர்வமாகச் சரி என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். கழுதைகள் ஒப்புக்கொள்வதில்லை.

ஹூபாரா என்று ஒரு பறவை. நம் கானமயிலுக்கு உறவு, உருவத்தில் சிறியது. மத்திய ஆசியாவில் பிறந்து குளிருக்குத் தப்பி இங்கே வருகிறது. இதன் இனத்தை பாகிஸ்தான் பக்கம் வல்லூறு வைத்து வேட்டையாடுவதற்கென்றே வளைகுடா நாடுகளிலிருந்து பெரிய மனிதர்கள் வருவதுண்டு. அவர்களிடம் சிக்காத ஒன்று, மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாக, காய்ந்த செடிகளுக்கு நடுவே பூச்சி பொறுக்கிக்கொண்டு நடந்தது. டீச்சர்தான் முதலில் பார்த்தார். பார்த்தவர் செய்த காரியம், வாயைத் திறக்காமல் பேரனின் தோளைத் தொட்டுக் காட்டியது. அந்தக் குழந்தையும் சத்தம் போடவில்லை. ஒரு நிமிஷம் முழுதாகப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அறுநூறார் கவனித்தார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியெல்லாம் எழுதினாலும், மனிதர் கெட்டவரில்லை. தூக்குப்போசியில் கும்பகோணத்து டிகாக்‌ஷன் பொடியும் பித்தளை ஃபில்டரும் கொண்டுவந்து, முகாமின் சமையற்காரரிடம் பால் கேட்டு வாங்கி, நாலரை மணிக்கு எல்லாருக்கும் காபி போட்டுக் கதவைத் தட்டுகிறவர் அவர்தான். எருமைப்பாலில் அந்தக் காபி அபாரம். மதிய வெயிலில் எல்லாரும் படுத்துவிட்ட பிறகு, தன்னுடைய இன்னொரு கேமராவை டீச்சரின் பேரன் கையில் கொடுத்து, முகாம் முற்றத்துப் புறாக்களை எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரமும் அவர் வாயிலிருந்து ‘தோடா’ வரவில்லை. வங்கியில் முப்பத்தைந்து வருஷ வேலை, மாற்றல் போட்ட ஊருக்கெல்லாம் போனவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் பெரும்பங்கு லென்ஸாக மாறியிருக்கிறது. ராத்திரி எட்டரைக்கு வீட்டிலிருந்து போன் வரும். “ம். சாப்பிட்டேன். ம். இல்ல, ஒண்ணும் புதுசா வாங்கல” என்று எழுந்து நின்று பேசுவார். அந்தக் குரலைக் கேட்டவர்கள், பகலில் ஒரு ஜீப்பாவது அவர் சொன்ன இடத்தில் நிற்கட்டுமே என்று நினைக்காமல் இருக்க முடியாது. நானும் நினைத்தேன். மறுநாள் காலை ஏழு மணி வரைக்கும் நினைத்தேன்.

ஓட்டுநருக்கு இந்த இரக்கமெல்லாம் கிடையாது; தொழில் இருக்கிறது. அறுநூறார்கள் சீசனுக்குச் சீசன் வருகிறவர்கள். ஓட்டுநர் ஒரு வித்தை கண்டுபிடித்துவைத்திருந்தார். “தோடா ஆகே” என்றதும் சாவியைத் திருகுவார், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து ஒரு உறுமல் கொடுப்பார், கிளட்சை விடாமலே பிரேக்கில் ஒரு குலுக்கல், இன்ஜினை அணைத்துவிடுவார். ஜீப் ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது. அறுநூறார் லென்ஸுக்குள் பார்த்துவிட்டு, “பர்ஃபெக்ட்!” என்பார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்ததால் இதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை ஓட்டுநரும் பார்த்தார். கண்ணாடி வழியாக ஒரு சின்னப் புன்னகை வந்தது, அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் இந்த வித்தையைப் பயன்படுத்துவார். அடிக்கடி செய்தால் பிடிபட்டுவிடும் அல்லவா.

இதுவரை சிரித்தாயிற்று. குளிர் முடிந்து நரிக்குட்டிகள் வளையை விட்டு எட்டிப்பார்க்கிற பருவத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு வளையில் குட்டி தெரிகிறது என்று செய்தி பரவினால் போதும், அத்தனை முகாம்களின் அறுநூறார்களும் அங்கே ஆஜர். ஒவ்வொருவருக்கும் ஒரு கோணம். ஜீப்புகள் வளையைச் சுற்றி அரைவட்டம் கட்டிவிடும். இரை தேடப் போன தாய் தூரத்திலேயே நின்று பார்க்கும், உட்காரும், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி உட்காரும். வாயில் கவ்வியிருக்கிற முள்வால் பல்லியோ எலியோ குட்டிகளுக்குப் போய்ச் சேர வேண்டும், நடுவில் இவர்கள். தொந்தரவு மிஞ்சினால் தாய் குட்டிகளைக் கழுத்தில் கவ்வி ஒவ்வொன்றாக வேறு வளைக்குத் தூக்கிக்கொண்டு போகும். பருந்துக்கும் நாய்க்கும் நடுவே, வெட்டவெளியில். அந்தத் தூக்கிக்கொண்டு போகிற காட்சியையும் படம் எடுத்து, கீழே ‘தாய்ப்பாசம்’ என்று எழுதிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்காகத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது. ஒரு வளைக்கு ஒரு வண்டி, இத்தனை மீட்டர் தள்ளி, இத்தனை நிமிஷம் என்று ஒவ்வொரு முகாமும் எழுதிப் பலகையில் மாட்ட வேண்டும். ஓட்டுநர் ‘முடியாது சாஹப்’ என்று சொன்னால், அன்றைய டிப்ஸ் போகாது என்கிற உத்தரவாதத்தையும் முகாமே கொடுக்க வேண்டும். கெஞ்சிக் கேட்டு நடக்கிற காரியமில்லை இது.

நரி, கழுதைக்குத்தான் இந்தக் கதி என்றில்லை. மனிதரையும் நகர்த்துவார். உப்பளம் ஒன்றின் ஓரமாகப் போனோம். உப்பளத் தொழிலாளர்களான அகரியாக்கள் மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு ரண்ணுக்குள் வந்துவிடுவார்கள். தரைக்கடியில் இருக்கிற உப்புநீரை இறைத்துப் பாத்திகளில் விட்டு, கோடை வரை கிளறிக் கிளறி உப்பு எடுக்கிறார்கள். டீசல் பம்பு போய் இப்போது பல இடங்களில் சோலார். பாத்தியில் ஒரு பெண் நீளமான பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வரை வெள்ளை பூத்திருந்தது. அந்தப் பக்கம் தேங்கிய தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பூநாரை. அறுநூறாருக்கும் பூநாரைக்கும் நடுவில் அந்தப் பெண்ணும் அவருடைய சோலார் தகடும்.

“பையா, உன்கோ போலோ, தோடா சைட்.”

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். பிறகு குஜராத்தியில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் பலகையின் கைப்பிடியில் தாடையை வைத்து, பச்சை இலைச் சட்டையை, பச்சை இலைத் தொப்பியை, பச்சை இலை போர்த்திய லென்ஸை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஓட்டுநர் குனிந்து ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். என்ன சொன்னாங்க என்று நாங்கள் எல்லாரும் கேட்டோம். “குச் நஹீ சாஹப்” என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை. அந்தப் பெண் நகரவில்லை. பூநாரைகள்தான் நகர்ந்தன.

முகாம் மேலாளர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான். அறுநூறார்களை ஜீப்புக்கு ஒருவராகப் பிரித்துப் போடாதீர்கள். எல்லாரையும் சேர்த்து ஒரே ஜீப்பில் ஏற்றுங்கள். தற்செயலாக ஒரு நாள் அப்படி அமைந்தது. எங்கள் அறுநூறாரோடு பெங்களூர்க்காரர் ஒருவர், புனேக்காரர் ஒருவர், மூவருக்கும் மூன்று பீரங்கி. நாங்கள் இன்னொரு ஜீப்பில் ஏறிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று டீச்சரின் பைனாகுலரில் முறை வைத்துப் பார்த்தோம். எதிரே ஒரு கழுதைக் கூட்டம். நம்மவர் “ஆகே” என்றார். பெங்களூர்க்காரர் “பீச்சே” என்றார். புனேக்காரர் வண்டியையே திருப்பி நிறுத்தச் சொன்னார், அவருக்கு எதிர்வெயில் வேண்டுமாம். மூவரும் எழுந்து நின்று கை நீட்டிப் பேசுவது எங்களுக்குத் தெரிந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார், சாவியைச் சட்டைப்பையில் போட்டார், டிபன் டப்பாவைத் திறந்து தேப்லா சாப்பிட ஆரம்பித்தார்.

கால்மணி நேரம் ஜீப் அசையவில்லை. ரண்ணில் அறுநூறார் ஏறிய ஜீப் அத்தனை நேரம் ஒரே இடத்தில் நின்றது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். கழுதைகள் முதலில் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தன. மேய்ந்துகொண்டே ஒவ்வோர் அடியாக இந்தப் பக்கம் வந்தன. கடைசியில், தாயும் குட்டியுமாக இரண்டு, ஜீப்பின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டன. குட்டி, புனேக்காரர் கம்பியில் தொங்கவிட்டிருந்த பீன் பேக்கை மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

அறுநூறார் லென்ஸைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். எங்கள் ஜீப் வரைக்கும் கேட்கும்படி அவர் குரல் வந்தது:

“அய்யோ, மூக்கு மட்டும்தான் விழுது! பையா, தோடா பீச்சே!”

ஓட்டுநர் இன்னொரு தேப்லாவை எடுத்துச் சுருட்டி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.